உச்சி வெயிலில் மூன்று நாற்காலி

பேய் எந்த நேரத்தில் வரும்?

டவுனில் வளர்ந்தவர்களைக் கேட்டால் நடுராத்திரி என்பார்கள். எங்கள் எஸ்டேட்டில் கேட்டுப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணி என்பார்கள். நிழல் சுருங்கிக் காலடிக்குள் போய்விடும் நேரம். அப்போது முனி நடக்கும். வாசலில் நிற்கக் கூடாது. மரத்தடிக்குப் போகக் கூடாது. பெண்கள் தலைமுடியை விரித்துப் போடவே கூடாது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாக அந்த நேரத்தில்தான் நான் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணிக்கு முடியல, ஒரு நட வந்து பாத்துட்டுப் போ" என்று போனில் சொல்லியிருந்தார்.

ஈப்போவிலிருந்து தாப்பா தாண்டி, சுங்காய் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் ஒரு செம்மண் ரோடு. ஒரு காலத்தில் அங்கே எல்லாம் ரப்பர். இப்போது பேருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் கிடையாது. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகளில் ஒரே ஒரு வரிசை மட்டும் மிச்சம்.

காரை விட்டு இறங்கினேன். ஓர் ஆள் இல்லை. கொடியில் துணி இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது — யாருக்காக என்று தெரியாமல்.

ஆளே இல்லாத இடத்தில் அடிக்கும் வெயிலுக்கு ஒரு சத்தம் உண்டு, கேட்டிருக்கிறீர்களா? காதுக்குள் மெல்லிசாக ஒரு ரீங்காரம். நின்று கவனித்தால் யாரோ பக்கத்தில் மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

கதவைத் தட்டினேன்.

"யாரு?" அண்ணன் குரல்.

"நான்தான்."

"பேரச் சொல்லு."

சிரிப்பு வந்தது. பேரைச் சொன்னேன். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது — ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு.

"இந்த நேரத்துலயா வருவாங்க? சீக்கிரம் உள்ள வா பாப்பா."

உள்ளே இருட்டு.

கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. பின்னாலிருந்து வெயில் அடித்ததில் பேப்பர் மஞ்சளாகப் பற்றி எரிவதுபோல் தெரிந்தது. அதில் ஒரு முகம். பக்கத்தில் அதே முகம். கீழேயும் அதே முகம். எல்லாம் ஒரே மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

என் முகம்.

வாரா வாரம் இந்தப் பத்திக்கு மேலே பார்க்கிறீர்களே, அதே போட்டோ. தங்கச்சி எழுதும் பக்கம் என்று அண்ணன் ஒன்றுகூட விடாமல் எடுத்து வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். நான் யுனிவர்சிட்டிவரை போய், இப்போது ஈப்போவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. உங்களுக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும்.

அந்தப் படித்த முகம்தான் வரிசையாக நின்று, வீட்டுக்குள் வெயில் வராமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மூலையில் மெத்தையில் கிடந்தார் அண்ணி.

கலா அண்ணிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. வாய் ஓயாத ஆள். என்னைக் கிண்டலடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். எப்படித் தெரியுமா? முதலில் முழங்காலில் கை வைத்தார். அப்புறம் தொடையில். அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. தன் உடம்பையே ஏணியாக்கி, அதன்மேல் தானே ஏறுவதுபோல... பாதி தூரம் ஏறி, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்புல ஒருத்தி உக்காந்திருக்கா பாப்பா. நான் எந்திரிச்சா அவளையும் சேத்துத் தூக்கணும்."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்.

அண்ணன் என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கால்வலி அண்ணிக்குப் போன வருஷமே உண்டு. தொழிற்சாலையில் நின்றே வேலை பார்ப்பதால் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி நேரம். தலை குளித்துவிட்டு, ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, முனியாண்டி கோயில் பக்கம் முருங்கைக்கீரை ஒடிக்கப் போயிருக்கிறார். மரத்தடியில் கால் மடங்கி உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு ஆள் கூட்டியிருக்கிறார்.

உச்சி நேரம், ஈரத்தலை, முனி மரம். வேறென்ன வேண்டும்?

தாப்பா பக்கத்திலிருந்து ஒரு பூசாரி வந்தார். ரப்பர் காலத்தில் இங்கேயே செத்துப்போன ஒருத்தி, நிழலிலேயே நிற்கிறவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்லித் தாயத்து கட்டினார். வெயில் இறங்கும்வரை வெளியே விடக் கூடாது. வெயில் பட்டால் அவளுக்கு ஆத்திரம் வரும். மூன்று அமாவாசை போகட்டும்.

அப்படித்தான் ஜன்னலுக்குப் பேப்பர் ஏறியது.

"கிளினிக்கு போனீங்களாண்ணே?"

"போனோம். வலி மாத்திர குடுத்து, ஒன்னும் இல்லேன்னு அனுப்பிட்டான். ஒன்னும் இல்லேன்னா ஏன் நடக்க முடியல? சொல்லு. நீதான படிச்சவ."

படித்தவள்தான். ஆனால் அந்த இருட்டில், சுற்றிலும் நானே என்னைப் பார்த்துச் சிரிக்க, படித்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஈப்போவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். பொழுது சாய்ந்த பிறகென்றால் சரி என்றார் அண்ணன். அவர் ஆலையில் வேலைக்குப் போக வேண்டும், கூட வர முடியாது. இருவருமாக அண்ணியைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தோம்.

காரை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவு பெரிய சீட்டில் அண்ணி ஓரமாக, கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டு.

"நல்லா தள்ளி உக்காருங்களேன் அண்ணி."

"பரவால்ல பாப்பா. எடம் இருக்கட்டும்."

ஈப்போ போய்ச் சேரும்வரை நான் அந்தக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் அண்ணியை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தார். இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார். ரத்தம் எடுத்து எங்கள் லேப்புக்கே அனுப்பினார். வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்.

வெயில் பட்டால் தோல் தானாகச் சமைத்துக்கொள்ளும் சத்து அது. அது இல்லாவிட்டால் சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து எலும்புக்குப் போய்ச் சேராது. எலும்பு மெல்ல மெல்ல இளகும். தொடையும் இடுப்பும் தளரும். உட்கார்ந்தால் எழ முடியாது. யாரோ மேலே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

இயந்திரம் எண்ணே கொடுக்கவில்லை. அளந்து சொல்லக்கூடிய அளவுக்கும் கீழே என்று மட்டும் வந்தது. மறுபடி போட்டேன். அதேதான்.

என்னோடு வேலை பார்க்கும் ஷீலா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். புந்தோங்கில் பிறந்து வளர்ந்த டவுன்காரி.

"யாரு இது? குகையில இருக்காங்களா?"

"எங்க அண்ணி. எஸ்டேட்ல இருக்காங்க."

"எஸ்டேட்லயா? அங்கதான் வெயிலு ஓசியில கெடைக்குமே லா."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் லேப்புக்கு வரும் டவுன் ஆட்களின் ரத்தத்தில் இந்தச் சத்து அடிக்கடி குறைவென்று சிவப்பு எழுத்தில் வரும். லிஃப்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து மாலுக்கு. வானத்தையே பார்க்காத ஆட்கள். அப்போதெல்லாம் மனதுக்குள் எனக்கு ஒரு திமிர் வரும். எங்கள் எஸ்டேட் சனத்தைப் பார்... வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவர்கள்.

உண்மையாகவா?

அண்ணியின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். உள்ளே ஜன்னல் இல்லாத ஹால். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, தொப்பி, முகமூடி. கண் மட்டும் தெரியும். இருட்டிய பிறகு பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆக்கிப் போட்டுவிட்டுத் தூக்கம். லயத்தில் பாதிப் பேருக்கு இதுதான் வாழ்க்கை. வெளியே செம்பனையில் வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

சரி, அதற்கு முந்திய ரப்பர் காலம்? எங்கள் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால் வெட்டப் போவார். கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. மேலே இலை கூரை மாதிரி மூடியிருக்கும். எஸ்டேட்டில் வெயில் அடித்தது, இல்லையென்று சொல்லவில்லை. மரத்துக்கு மேலே அடித்தது. அடியில் நாங்கள் இருந்தோம்.

கறுத்த தோலைப் பார்த்ததும் வெயிலில் வாடிய உடம்பு என்று முடிவு கட்டிவிடுகிறோம். கறுத்த தோலுக்கு அதே சத்தைச் செய்ய இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். இது பாடத்தில் படித்ததுதான். படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் மறந்துவிட்டேன்.

ஒரு வேகத்தில் என் ரத்தத்தையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு. ஷீலாவும் கையை நீட்டினாள். அவளுக்குப் பிரமாதமாக இருந்தது.

"எப்படிடீ?"

"எங்க வீட்டுல கச்சாங் பூத்தே யாவாரம்லா. லீவு நாளு பூரா கடலையையும் பயறையும் காயப் போட்டுக் கெளறிக்கிட்டு வெயில்லதான கெடக்குறேன். நீ என்னா பண்ற? கார் பார்க்குக்குக்கூட கொட புடிச்சிக்கிட்டுப் போற. எஸ்டேட்டுக்காரியாம்."

டாக்டர் மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு உடையலாம், அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம் என்று பயமுறுத்தினார். இருட்டறையில் படுத்தே கிடந்தால் கால் திரும்பாது. எழுந்து நடமாட வேண்டும், வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிரயோஜனமில்லை. விடியற்காலை இளவெயிலும் பத்தாது. கை கால் தெரிய, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில், தோல் காந்துவதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும்.

அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"சரியா அவ வர்ற நேரத்துக்கு என்னைய வெளிய போகச் சொல்றாங்க."

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அண்ணன் ஒரே பிடிவாதம். "மாத்திர முழுங்கட்டும் பாப்பா. வெயிலு மட்டும் வேணாம். மூணாவது அமாவாச முடியட்டும்."

"அதுக்குள்ள விழுந்துட்டாங்கன்னா?"

"விழாம நான் பாத்துக்குறேன்."

"நீங்க வேலைக்குப் போயிருவீங்க. அப்ப யாரு பாத்துக்குவா?"

மெத்தையிலிருந்து அண்ணிதான் பேசினார்.

"ஏன்டீ படிச்ச புள்ள. வெயிலு வெயிலுன்னு சொல்றியே, நீ வருவியா? தலைக்குக் குளிச்சி, முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு, உச்சி நேரத்துல என்கூட உக்காரு பாப்போம். வந்தா ரெண்டு பேரையும் சேத்துப் புடிக்கட்டும். நீ வந்தா நான் வாரேன்."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஜன்னலில் என் முகங்கள் மட்டும் தைரியமாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தலை குளித்தோம்.

லயத்துக்கு முன்னால் பழைய பெரட்டுக் களம் இருக்கிறது. அந்தக் காலத்தில் விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்ட இடம். இப்போது வெறும் புல். ஒரு துளி நிழல் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டேன்: அண்ணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, எதிரே அண்ணி கால் நீட்டிக்கொள்ள ஒன்று. அவர் கால் வீங்கியிருந்தது.

வாசலிலிருந்து களத்துக்கு வர அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தார். அண்ணன் வாசற்படி தாண்டவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒரு கீற்று திறந்தது.

"ஏ கலா. தலைய முடி. நேரம் தெரியாதா ஒனக்கு?" பாக்கியம் அக்கா.

"தெரிஞ்சிதான் வந்திருக்கேன். நீங்களும் வாங்களேங்க்கா."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

உட்கார்ந்தோம். என் நிழலைத் தேடினேன். நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. உச்சந்தலை காய்ந்தது. முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. காற்றே இல்லை. ஆனால் செம்பனைக்குள் ஒரு காய்ந்த மட்டை தொப்பென்று விழுந்தது. யார் இழுத்தார்கள்? வெயில் தோலில் பட்டு, சத்தாகி, ஈரலுக்குப் போய், சிறுநீரகத்துக்குப் போய்... பரீட்சைக்கு முந்தின நாள்போல மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மந்திரம் ஜெபிக்கிறவர்களுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

"பாப்பா."

"என்னாங்க அண்ணி?"

"யாரு மடியிலயோ கால வச்ச மாதிரி இருக்கு. சூடா."

"வெயில்ல கெடந்த நாற்காலி."

"ம்ம்."

செம்மண் ரோட்டில் செம்பனைக்குலை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எங்களைக் கண்டதும் வேகம் குறைந்தது. அப்புறம் திடீரென்று புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தது. அன்றைக்குத்தான் அண்ணி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் நான் போகிறேன். மற்ற நாட்களில் பாக்கியம் அக்கா துணைக்கு நிற்கிறார், தலையை இறுக்க முடிந்துகொண்டு. மூன்றாவது அமாவாசை வந்தது, போனது. யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் ஜன்னல் பேப்பரைக் கிழித்துவிட்டார். என் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. தோல் சூடேறிவிட்டது, போதும் என்று நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் அண்ணி எழுந்திருக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் கை வைக்கவில்லை. தொடையில் கை வைக்கவில்லை. சாதாரணமாக, நீங்களும் நானும் எழுந்திருப்பதுபோல் எழுந்து நின்றார்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கால் வைத்திருந்த நாற்காலியைப் பார்த்து, "வா போலாம்" என்றார்.

என்னிடம்தான் சொல்லியிருப்பார்.

திரும்பும் வழியில் சுங்காயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி பொட்டலம் கட்டச் சொல்லிக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு லாரிக்காரர் கடைக்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய எஸ்டேட்டு வழியா நான் இனிமே போகல பாய். உச்சி வெயில்ல நடு களத்துல பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு. ரெண்டு மூணு தடவ பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, அது பேய் இல்ல. நானும் எங்க அண்ணியும்தான். டாக்டரு வெயில்ல உக்காரச் சொல்லியிருக்காங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் தெளிவு வந்தது.

"அப்படியா தங்கச்சி. நல்லவேள, சொன்னீங்க." கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப எதிர உக்காந்திருந்தவங்க யாரு? முதுகுதான் தெரிஞ்சிச்சி. உங்க ரெண்டு பேர விட நீளமான முடி."

அங்கே இருந்தது கால் வைக்கும் நாற்காலி அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தேன்.

அண்ணிக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. இனி மூன்றாவது நாற்காலி தேவையில்லை. ஆனாலும் அதை எடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்... யாராக இருந்தாலும், அத்தனை வருஷம் ரப்பர் நிழலிலேயே நின்றவள் — அவளுக்கும் கொஞ்சம் வெயில் வேண்டாமா?